தாலியைக் கழற்றச் சொன்ன றஞ்சி அக்கா

றஞ்சி அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் ஃபோன் எடுத்து, "அன்ரி, அம்மா நித்திரையிலயே போயிட்டா" என்றாள்.

இந்த க்ரூப்பில் இருக்கும் பல பேருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளில், சிட்னி பென்டில் ஹில்லில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அந்தத் தெருவில் அப்போது தமிழ் பேசுகிற வீடு இரண்டே இரண்டுதான்.

வீட்டு கராஜில் லேத் மெஷின் வைத்து மரம் கடைந்தவர். ஈவினிங் க்ளாஸில் வெள்ளைக்கார ஆண்களுக்கு நடுவே தனியொருத்தியாகப் போய்ப் படித்தவர். நான் அப்போது கல்யாணமாகி வந்த புதிது, எதற்கெடுத்தாலும் பயம்.

ஒரு பெரிய காற்றில் எங்கள் பின்வளவில் நின்ற தேசிக்காய் மரம் சாய்ந்துவிட்டது. லெமன் மரம்தான்... சிட்னியில் எந்த வீட்டுப் பின்பக்கத்திலும் ஒன்று நிற்குமே, அது.

வாடகை வீடு. வீட்டுக்காரன் என்ன சொல்வானோ என்று அழாத குறையாக நிற்கிறேன். வேலிக்கு மேலால் அக்காவின் தலை தெரிந்தது. "பிள்ளை, அந்த அடிமரத்தை ஒருத்தருக்கும் குடுத்திடாத. இடியப்ப உரல் கடைஞ்சு தாறன்."

அந்தக் காலத்தில் இந்த ஊரில் இடியப்ப உரலுக்கு எங்கே போவது! வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினேன்.

அவருடைய கராஜ் வாசல் நிலையில் ஒரு ஆணி இருக்கும். தாலிக்கொடியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் மெஷினைப் போடுவார். முதல்முறை அதைக் கண்டபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"சுத்திற மெஷினுக்குத் தாலி எது, சங்கிலி எது எண்டு தெரியாது. நீயும் கழட்டிப்போட்டு வா."

"ஐயோ அக்கா, நான் மாட்டன். இவருக்கு ஏதும் நடந்தா?"

"என்ர மனுசனுக்கு என்ன நடந்தது? அங்க இருந்து தேத்தண்ணி கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார்."

சிரித்தேன்... ஆனால் கழற்றவில்லை. கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நிற்பேன் என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் உள்ளே விட்டார்.

உரல் கடைந்த அன்று என் கணவர் ஒரு இன்டர்வியூவுக்காக கன்பரா போயிருந்தார். நல்ல மழை. பழைய கார். தனியே இருக்கப் பயந்துதான் நான் கராஜுக்கே போனேன்.

ஈர மரம் சுருள் சுருளாகக் கழன்று விழுகிறது. கராஜெல்லாம் தேசிக்காய் வாசம். உரலின் வடிவம் மெல்ல மெல்ல வருகிறது. நான் என்னையறியாமல் குனிந்துவிட்டேன்.

கொடி வெளியே வந்ததே தெரியாது. யாரோ கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கண்ணுக்கு முன்னால் சுழல்கிற மரம்... அவ்வளவுதான் ஞாபகம்.

அக்கா ஸ்விட்சில் அடித்துவிட்டு என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கொடியின் கொக்கி விட்டது. நான் நிலத்தில் கிடந்தேன்.

கழுத்தில் ரத்தம். நான் அதைப் பார்க்கவேயில்லை. கொடி லேத்தில் சுற்றிக் கிடக்கிறது, தாலியைக் காணவில்லை. "அக்கா, தாலி... தாலி..." என்று மரச்சீவலுக்குள் தவழ்ந்து தேடுகிறேன்.

அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை. மழைக்குள் எங்கள் கார் புரண்டு கிடப்பது கண்ணில் தெரிகிறது. தாலி போய்விட்டது, இனி இவர் வரமாட்டார்... அது மட்டும்தான் மனதில்.

றஞ்சி அக்கா என் கழுத்தில் ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டினார். பிறகு ஆணியில் இருந்த தன் கொடியை எடுத்து வந்து எனக்குப் போட்டுவிட்டார்.

"ஐயோ, வேண்டாம் அக்கா!"

"அவர் வருமட்டும் போட்டிரு. என்ர ஆள் கண்ணுக்கு முன்னால இருக்கிறார். உன்ர ஆள்தானே றோட்டில."

அவருடைய கணவர் தில்லையண்ணை சத்தம் கேட்டு வந்தார். மனைவியின் தாலி என் கழுத்தில் கிடப்பதைப் பார்த்தார். "சரி, அவன் வருமட்டும் நான் சாகாமல் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

வாசல் படியில் காத்திருந்தோம். இருட்டிவிட்டது. ஒவ்வொரு கார் வெளிச்சத்துக்கும் நான் எழும்பினேன். அக்கா என் கையை விடவேயில்லை.

கடைசியில் இவருடைய கார் வந்து நின்றது. "என்ன, எல்லாரும் வெளியில இருக்கிறியள்? கறண்ட் இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு இறங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, "வந்திட்டார் அக்கா, வந்திட்டார்!" என்று அழுதேன்.

திரும்பிப் பார்த்தால், அக்கா படியிலேயே இருந்து அழுகிறார். அவர் அழுது நான் கண்டதேயில்லை... அன்றைக்குக் கண்டேன்.

"நீ தாலியைத் தேடினாய் பிள்ளை. நான் உன்ர தலை அந்த மரத்துக்குக் கிட்டப் போனதைக் கண்டனான். இவன் வந்து, என்ர பெண்சாதி எங்க எண்டு கேட்டிருந்தா நான் என்னடி சொல்லியிருப்பன்?"

மறுநாள் தில்லையண்ணை சீவலைக் கொட்டிச் சலித்துத் தாலியை எடுத்துத் தந்தார். அக்கா உரலையும் முடித்துத் தந்தார். நான் கராஜுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

இவர் உள்ளே படுத்திருக்கிறார். போன கிழமைதான் ஹாஸ்பிட்டலில் இருந்து கூட்டி வந்தோம். அக்கா போன விஷயத்தை இன்னும் சொல்லவில்லை... சொல்லப் பயமாக இருக்கிறது.

இப்படிப் பயம் வந்தால் நான் எடுக்கிற நம்பர் உங்களுடையதுதானே, அக்கா.

போயிட்டு வாங்கோ.