சாக்கில் தைத்த கார் சீட்

என் மூத்தவன் பிறந்த அமெரிக்க ஆஸ்பத்திரியில், காரில் குழந்தைக்கென்று தனி சீட் இருக்கிறதா என்று நர்ஸ் இறங்கி வந்து பார்த்த பிறகுதான் எங்களை வீட்டுக்கு விட்டார்கள். அன்றிலிருந்து அந்த சீட் விஷயத்தில் நான் பெரிய பிடிவாதக்காரியாகிவிட்டேன்.

அவனுக்கு ஒன்றரை வயதானபோது, கணவருக்கு லீவு கிடைக்காமல், நான் மட்டும் அவனைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு வந்தேன். அந்த வயதுப் பிள்ளைக்கு விமானத்தில் தனி இடம் தேவையில்லை, மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலோரமாக அவனுக்கும் ஓர் இடம் வாங்கி, அதில் கார் சீட்டை வைத்து, விமான பெல்ட்டால் இறுக்கி, அதற்குள் அவனைப் பூட்டித்தான் கொண்டுவந்தேன். விமானம் குலுங்கினால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது என்று எங்கோ படித்திருந்தேன். அதைக் கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை.

"நாங்க எம்புட்டுப் புள்ளைகள மடியில வச்சு வளத்திருக்கோம். நீ என்னமோ கன்னுக்குட்டியக் கட்டுற மாதிரி கட்டிப்போட்டுக் கொண்டாந்திருக்கியே" என்றார் அம்மா.

"ஒங்க மடி என்ன இரும்பாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா வெடுக்கென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் பக்கம் நின்றவர் அப்பா மட்டும்தான், நாங்கள் அவரை அத்தா என்போம். அத்தாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. மதுரை விமான நிலையத்துக்கு அவர் கொண்டுவந்திருந்த வேனில், பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது. நான் பதறியதைப் பார்த்தவர், வண்டியில் கிடந்த கயிற்றை எடுத்து கார் சீட்டை அங்கங்கே சுற்றிக் கட்டி, லாரியில் லோடு ஏற்றியதும் ஆட்டிப் பார்ப்பது போல இரண்டு கைகளாலும் ஆட்டிப் பார்த்தார். "இனி அசையாதும்மா" என்றார். இந்த ஊரில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அத்தாதான் என்று எனக்கு ஏகப் பெருமை.

ஆறு வாரம் கழித்துத் திரும்பும்போது, சென்னை வரைக்கும் ரயில், அங்கிருந்து விமானம். கிளம்புகிற அன்று சீட்டைத் தேடினால் காணோம். அத்தா அதைச் சாக்குக்குள் வைத்துக் கோணி ஊசியால் தைத்து முடித்திருந்தார். தூக்க வசதியாக நாலு மூலையிலும் காது விட்டிருந்தார். பக்கவாட்டில் எங்கள் மண்டியின் அடையாளம் சிவப்பு மையில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போகிற எதுவும் சாக்குக்குள் போகாமல் போனதில்லை. அக்கா கல்யாணமாகிப் போனபோது அவளுடைய தையல் மிஷின்கூட அப்படித்தான் போனது.

"ரயில்ல ஏத்தி எறக்குறப்ப ஒடஞ்சுறக் கூடாதுல்லம்மா. நல்ல சாக்காப் பாத்து நானே ஒதறி, வெயில்ல போட்டு எடுத்தேன்" என்றார்.

நல்ல சாக்குதான். நானும் மோந்து பார்த்தேன், ஒரு நெடியும் இல்லை. ஆனால் வத்தல் வீட்டு மூக்கை யாராவது நம்புவார்களா? வாசலில் விருந்தாளி தும்மினால், சளி பிடித்திருக்கிறதா என்று கேட்கிற வீடு எங்கள் வீடு. அமெரிக்காவில் இருந்ததில் என் மூக்குக்கு மறுபடி நெடி தெரியத் தொடங்கியிருந்தது. வந்து இறங்கிய அன்று நானும் தும்மினேன். அடுத்த வாரமே அது மறுபடி மரத்துப்போனது எனக்கே தெரியவில்லை.

சென்னை விமான நிலையத்தில் எல்லோருடைய தள்ளுவண்டியிலும் பளபளவென்று பெட்டிகள். என்னுடையதில் காது வைத்த சாக்கு. ஒரு பெண் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் கூசிப்போனது. ஓரமாக ஒதுங்கி, தையலைப் பிரித்து, சீட்டை வெளியே எடுத்துக்கொண்டு, சாக்கைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் திணித்தேன். அதோடு மானம் தப்பித்தது என்றுதான் நினைத்தேன்.

விமானத்தில் பணிப்பெண் சீட்டின் முதுகில் இருந்த சிவப்பு எழுத்து லேபிளைப் படித்து, விமானத்துக்கு ஏற்றதுதான் என்று தலையாட்டினாள். மகனை உட்காரவைத்துப் பூட்டினேன். அவன் குஷியில் இரண்டு கைகளாலும் சீட்டின் மெத்தையைத் தட்டினான். முன்வரிசைக்காரர் தும்மினார். அவர் மனைவி தும்மினாள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் இருமத் தொடங்கினார். ஏசி அதை எங்கெல்லாம் கொண்டுபோனதோ, பின்னாலிருந்தும் இருமல் கேட்டது. அந்த நேரம் பார்த்து மகன் கண்ணைக் கசக்கிவிட்டான்.

விமானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டு அழுதான்.

"என்னம்மா, மிளகாப்பொடி ஏதாவது கொட்டிடுச்சா?" என்றார் பெரியவர்.

"இல்லைங்க, எங்கிட்ட அப்படி எதுவுமே இல்லை" என்றேன். சத்தியமாக எனக்கு எதுவும் தெரியவில்லை. பணிப்பெண்கள் வந்து, எல்லோரும் எட்டிப் பார்க்க, என் கைப்பையைக் கவிழ்த்துத் தேடினார்கள். பால் புட்டியும் மாற்றுத் துணியும்தான் விழுந்தன. கடைசியில் ஒருத்தி அந்த மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினாள். அப்போதுதான் எனக்குச் சாக்கு ஞாபகம் வந்தது. என் உடம்பெல்லாம் எரிந்தது. வத்தலால் இல்லை, வெட்கத்தால்.

சீட்டை பிளாஸ்டிக் பைகளால் சுற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். மகனுடைய கண்ணையும் கையையும் கழுவினோம். விமானம் கிளம்ப வேண்டும், எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பணிப்பெண் ஒரு குட்டி பெல்ட்டை என் பெல்ட்டோடு கோத்துக் கொடுத்து, "மடியில வச்சுக்கோங்க" என்றாள். அம்மாவிடம் நான் பேசிய பேச்சு என்ன! அவன் தூங்கிய பிறகும், விமானம் லேசாக ஆடும்போதெல்லாம் நான் அவனை நெரித்துவிடுவது போல இறுக்கிக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இறங்கும்போதும் கடைசி ஆளாகத்தான் இறங்கினேன்.

என் கணவருக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது. ஊருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "மாமா, நீங்க கட்டிக் குடுத்த சாக்குல பாதி பிளேன் தும்மிருச்சு" என்றார்.

அந்தப் பக்கம் அத்தாவும் சிரித்தார். "அம்புட்டுக் காரமா மாப்பிள்ள? அப்பச் சரக்கு நல்ல சரக்குதேன்!" என்றார். பிறகு, "புள்ளைக்குக் கண்ணு நல்லாருக்குல்ல?" என்று கேட்டார். நல்லாருக்கு என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த முறை ஊருக்கு வர சில வருஷங்களாகிவிட்டன. அப்போது இளையவள் கைக்குழந்தை, அவளுக்கென்று வாங்கிய புது சீட் தள்ளுவண்டியில் இருந்தது. மதுரை விமான நிலைய வாசலில் அத்தா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றார். நான் கிட்டே போகவும் ஒரு எட்டு பின்னால் போனார். சீட்டைத் தொடவில்லை. "நீ எடுத்து வையிப்பா" என்று டிரைவரிடம் சொன்னார்.

"அத்தா, புள்ளைய வாங்குங்க" என்றேன்.

அத்தா இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ரெண்டு நாளா மண்டிப் பக்கமே போகலம்மா. சோப்புப் போட்டுத்தேன் கழுவியிருக்கேன். இருந்தாலும் நீ மோந்து பாரு. எனக்குத்தேன் வாடை தெரியாதுல்ல."

டிரைவர் வேறு பக்கம் பார்த்தான். நான் குனிந்து மோந்தேன். சோப்பு வாசம், அதற்கு அடியில் வத்தல். அது என்ன ரெண்டு நாளில் போகிற வாடையா?

"ஒண்ணுமே இல்லத்தா" என்றேன்.

அத்தா என் முகத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வியாபாரிகளின் முகம் பார்த்தவர். தோள்பையிலிருந்து பிரிக்காத புதுத் துண்டு ஒன்றை எடுத்து, பல்லால் தாளைக் கிழித்து, இரண்டு கைகளும் மறைய விரித்துக்கொண்டார்.

"இப்பக் குடும்மா."

பிள்ளையை அந்தத் துண்டின் மேல் வைத்தேன். என் முகத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.