ஓரம் மட்டும்தான் பாக்கி

என் தங்கை புருஷன் தையல்காரன். கடைக்கு வருகிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஓரம்'. யார் வந்து துணி கேட்டாலும், தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஓரம் மட்டும்தான் அடிக்கணும், நாளைக்கு வந்துடுங்க" என்பான். அப்படிச் சொன்னால் துணியில் இன்னும் கத்தரியே படவில்லை என்று அர்த்தம். கொடுத்த துணி, கொடுத்த பையிலேயே மேசைக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். தையல் சுத்தமான தையல், அதை நான் மறுக்கமாட்டேன். வாய்தான் முழுப் புளுகு.

ஊருக்கெல்லாம் பொய்த் தேதி சொல்லும் இந்த மகாராசன், வீடு கட்டி விற்கும் ஒரு ஆள் சொன்ன தேதியை அப்படியே நம்பினான். மூன்றாவது மாடி, இரண்டு அறை, மாசக் கடைசியில் சாவி என்று சொன்னானாம். உடனே இவன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பெண்டாட்டி, கட்டில், பீரோ சகிதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டே வாரம்க்கா" என்றான்.

அந்தக் கட்டிலைக் கூடத்தில் போட்டபோது மழைக்காலம். மழை முடிந்து வெயிலும் வந்துவிட்டது. நாங்கள் இன்னும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்துகொண்டிருந்தோம். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதாம்! சொன்னவர் யாரோ, இவனைப் பார்த்ததில்லை. என் வீட்டில் மூன்று வேளையும் வக்கணையாகச் சாப்பிட்டு, "கொஞ்சம் உப்புக் கம்மிக்கா" என்று வேறு சொல்வான்.

தங்கைக்கு இது நிறைமாதம். எனக்கும் அவளுக்கும் அடுப்படியில் தினமும் முட்டிக்கொண்டது. உப்பு டப்பாவை அவள் ஓரிடத்தில் வைப்பாள், நான் ஓரிடத்தில் வைப்பேன். ஒருநாள் டப்பாவைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

"பிள்ளைய என் வீட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போவேன்க்கா. இங்க விருந்தாளியா தூக்கிட்டு வரமாட்டேன்."

"ஏன்டி, என் வீடு உனக்குக் கசக்குதா?" என்று கத்தினேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன்.

நம் ஆள் வாரம் தவறாமல் அந்தக் கட்டடக்காரனைப் பார்க்கப் போவான். போகும்போது சிங்கம், வரும்போது பூனை. அன்றைக்கும் இளித்துக்கொண்டே வந்தான்.

"கதவுக்குக் கைப்பிடி மட்டும்தான் பாக்கியாம்க்கா."

நேரில் அவனை மரியாதையாக 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிடுவதை எழுத முடியாது.

"மாப்ளே, அது உங்க பேச்சுதானே! கைப்பிடி மட்டும்னா கதவே வரலன்னு அர்த்தம். இதுகூடவா உங்களுக்குப் புரியல?"

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லக்கா. முகத்தப் பாத்தாலே தெரியும்."

முகமாம் முகம்! இவன் முகத்தைப் பார்த்துத்தான் ஊரே துணி கொடுத்தது.

"சரி, உங்க கடையில யார் துணிய முதல்ல தைப்பீங்க? சண்டை போடறவங்களதா?"

"அவங்க கத்திட்டுப் போயிடுவாங்கக்கா. சில பேர் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. அவங்களதத்தான் முதல்ல தைப்பேன். எதிர்ல உக்காந்திருந்தா வேற வேலையே ஓடாது."

வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே உண்மை அது.

மறுநாள் காலையில் தங்கையைக் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டடக்காரன் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, மேசைமேல் பொம்மைக் கட்டடம், அதைச் சுற்றி பொம்மை மரம். மரம்கூட வந்துவிட்டது, கதவுதான் வரவில்லை.

"கைப்பிடி மட்டும்தாம்மா பாக்கி" என்றான்.

"கைப்பிடி வேணாங்க, நான் தள்ளித் திறந்துக்கறேன். கதவு இருக்கா?" என்றாள் தங்கை.

அவன் தண்ணீர் குடித்தான். "வந்துக்கிட்டிருக்கும்மா."

"குழாய்ல தண்ணி?"

"அதுவும்தான்."

"சரி. வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கேன்" என்று மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். புதிதாக வீடு பார்க்க வருகிறவர்கள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, "நீங்க எப்பம்மா வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். இவள் சிரித்துக்கொண்டே, "மழைக்கு முன்னாடிங்க. கைப்பிடி மட்டும்தான் பாக்கி" என்பாள். வந்தவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள். கட்டடக்காரன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் வலி கண்டது. "அக்கா!" என்று மேசையைப் பிடித்தாள். பொம்மைக் கட்டடம் மரத்தோடு கவிழ்ந்தது. கட்டடக்காரனே காரை எடுத்தான். சிக்னலில் நின்று முழித்தவனிடம், "இது நாளைக்கு வான்னா கேக்காதுங்க, ஓட்டுங்க!" என்றேன்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்குள் கதவு வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, கைப்பிடிகூட வந்தது. இத்தனை மாதம் ஆகாத வேலை, பயந்தால் எப்படி ஓடுகிறது பாருங்கள்!

தங்கை குழந்தையோடு தன் வீட்டுக்குள் போனாள். திரும்பி நின்று, "வாக்கா, உள்ள வா" என்றாள். என்னை அவள் தன் சொந்த வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. என் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

குழந்தையைக் கட்டிலில் போட்டோம். ஜன்னல் வெயில் நேராக அதன் முகத்தில் அடித்தது. குழந்தை வீறிட்டது. தங்கை தன் முதுகால் வெயிலை மறைத்து நின்றுகொண்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், கம்பி மட்டும் இருந்தது.

"மாப்ளே, திரைச்சீலை எங்க?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"ஓரம் மட்டும்தான் அடிக்கணும்க்கா. நாளைக்கு..."

அவன் கையிலிருந்த கடைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே ஓடி வந்தான். கடையைத் திறந்து, மேசைக்கு அடியில் இருந்த திரைச்சீலைத் துணிப் பையை எடுத்து மெஷின்மேல் வைத்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.