யாரும் குனியாத நாடகம்

படித்த முட்டாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாலு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பக்கோடா தின்றுகொண்டே, ஒரு முட்டாள்தனத்தைக் கூட்டாகவும் பொறுப்பாகவும் செய்ததை எங்கள் டவுன்ஷிப் தமிழ்ச் சங்கத்தின் நாடகக் கமிட்டியில்தான் பார்த்தேன்.

ஹைதராபாத்தின் ஓரத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை, அதையொட்டி எங்கள் டவுன்ஷிப். பெயரைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அங்கே ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வீடு எந்த டைப் என்று கேட்டால் போதும். ஏ டைப் என்றால் தொழிலாளி, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பி, சி என்று ஏறிக்கொண்டே போய் இ டைப்பில் முன்னால் தோட்டமும் பின்னால் வேலைக்காரருக்கு அறையும் இருக்கும். செகந்திராபாத் போகிற கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டில் யார் உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. கோயிலில் சுண்டலுக்குக் கை நீட்டுவதற்குக்கூட உண்டு. சாமிக்கே கிரேடு தெரிந்திருந்தது.

அந்த வருடம் பொங்கல் விழாவுக்கு இளைஞர் அணி ஒரு இசை நாடகம் போடுவது என்று முடிவானது. வசன நாடகம் ஏன் வேண்டாம் என்றால், அதிகாரிகளின் பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்கள், தெலுங்கில் கேட்டால் இங்கிலீஷில். கூட்டமாகப் பாடினால் யார் வாயில் எது தப்பாக வந்தது என்று தெரியாது, மிருதங்கம் மீதியை மூடிவிடும். இதற்கு நோட்டீஸில் கலை ஆர்வம் என்று பெயர் போட்டார்கள்.

நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் நாலு அதிகாரிகள். இளைஞர் பிரதிநிதியாக நான். என் அப்பா மெஷின் ஷாப்பில் சார்ஜ்மேன், நாங்கள் பி டைப். எனக்குப் பத்தொன்பது வயது. அறிவாளி என்று என்னைச் சேர்க்கவில்லை. இளைஞர் அணியில் தமிழை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிள்ளைகளுக்கான பாட்டுகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது.

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏ டைப்பில் ஒரு கிரேன் ஆபரேட்டர் குடும்பம் இருந்தது. அவருடைய மகள் என் தோழி. அவள் துணி உலர்த்திக்கொண்டே பாட ஆரம்பித்தால், பம்ப் ஸ்டவ் இரைச்சலில் கேட்காதே என்று என் அம்மா ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நிற்பாள். அன்றைக்குச் சாப்பாடு தாமதமானால் அப்பாகூடக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவளுக்கு மாசி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் அத்தை மகன்தான் மாப்பிள்ளை. பாட்டெல்லாம் இனிமேல் சாமி ரூமோடு என்று அத்தை நிச்சயதார்த்தத் தட்டை மாற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"ஒரே ஒரு தடவைடி" என்றாள் தோழி என்னிடம். "நாலு பேர் பார்க்க மேடையில நின்னு பாடிட்டேன்னா போதும். அப்புறம் ஆயுசு முழுக்க சாமி ரூம்லயே பாடிக்கிறேன்."

அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. இதை என்னிடம் கேட்டாள். சரியான நாடகம் ஒன்று அமைந்தால் காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். கமிட்டியை அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு ராஜா கதை வந்தது. நல்ல பாட்டுகள், நல்ல கதை. மந்திரி ராஜாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும் இடம் வந்ததும் சங்கச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். இவர் நிதிப் பிரிவில் டெபுடி மானேஜர், டி டைப்.

"ராஜா யாரு?"

உற்பத்திப் பிரிவு மானேஜரின் மகன், உயரமாக இருக்கிறான் என்றேன்.

"மந்திரி என் பையன். அப்போ ஃபைனான்ஸ், புரொடக்‌ஷன் கால்ல விழணுமா?"

அந்தக் கதை அத்தோடு போயிற்று. அடுத்தது ஒரு பள்ளிக்கூடக் கதை. அதில் வாத்தியார் பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றுவார். வாத்தியார் வேடம் சி டைப் பையனுக்கு, பெஞ்சு மேல் ஏறுகிறவன் இ டைப் பையன் என்று வந்ததும் அதுவும் போயிற்று. ஒரு கல்யாணக் கதையில் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அண்ணன் கால் கழுவ வேண்டியிருந்தது. யார் யாருக்குக் கழுவுவது என்று நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கோடா இன்னொரு தட்டு வந்தது.

நானும் ஒரு யோசனை சொன்னேன். கம்பெனி பஸ் ஒன்று போவன்பள்ளி மார்க்கெட் பக்கத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. பஸ் நகரும்வரை ஆளாளுக்குப் பாடுகிறார்கள். கண்டக்டர் ஒரு பெண், அவளுக்குத்தான் பெரிய பாட்டு. நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"கண்டக்டர் என்ன சொல்லுவா?" என்று கேட்டார் செயலாளர்.

"எல்லாரும் உள்ள தள்ளிப் போங்கன்னு சொல்லுவா சார்."

"ஆபீசர்ஸையா?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பிறகு செயலாளரே கொள்கையை விளக்கினார். நாடகத்தில் யாரும் யாருக்கும் குனியக் கூடாது, அதே சமயம் எல்லாரும் அவரவர் உயரத்தில் இருக்க வேண்டும். மற்ற மூவரும் இதைத்தான் இத்தனை நாளாகத் தாங்களும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கலையைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் செயலாளரின் மைத்துனர் மதராஸில் ஏதோ ஒரு பள்ளிக்கு எழுதிக் கொடுத்த நாடகம் வந்து சேர்ந்தது. காட்டைப் பற்றியது. பாத்திரங்கள் எல்லாம் மரங்கள். மரத்துக்கு மந்திரி கிடையாது, மரம் காலில் விழாது, நின்றுகொண்டே இருக்கும். நாலு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. பாத்திரங்களின் பெயரைப் படித்ததும் தேர்வு முடிந்துவிட்டது. கதையைப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆலமரம் பெரியவரின் மகள். பெரியவர் என்றால் தொழிற்சாலையின் தலைவர், வடக்கத்திக்காரர், மனைவி மட்டும் தமிழ். தேக்கு நிதிப் பிரிவு, வேம்பு உற்பத்திப் பிரிவு. சி டைப் பிள்ளைகள் புதர்கள்.

காற்று என்று ஒரு பாத்திரம் மீதியிருந்தது. தனிப் பாட்டு அத்தனையும் அதற்குத்தான். பாடத் தெரிந்த ஆள் வேண்டும். அதிகாரிகளின் பிள்ளைகளில் யாராலும் முடியாது என்பது அவர்களுக்கே தெரியும். நான் தோழியைச் சொன்னேன்.

"கிரேன் ஆபரேட்டர் பொண்ணா?" செயலாளர் யோசித்தார். "பாடட்டும். நல்லாத்தான் பாடுவா. ஆனா காத்து கண்ணுக்குத் தெரியாதேம்மா. மேடையில எதுக்கு? சைடுல திரைக்குப் பின்னால நின்னு பாடட்டும். அதான் லாஜிக்."

"மரத்துக்குக்கூடத்தான் கால் கிடையாது சார். உங்க பையன் நடந்து வரானே."

"அது கற்பனைம்மா" என்றார், பொறுமையாக.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் அப்போது கொடியில் அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். "பின்னாலயா?" என்று கேட்டாள். கிளிப்பை மாட்டினாள். "சரி, பாடறேன்" என்றாள். செயலாளரை நான் திட்டிய திட்டில் ஒன்றைக்கூட அவள் திருப்பிச் சொல்லவில்லை.

ஒத்திகை அதிகாரிகள் கிளப்பில் நடந்தது. ஏ டைப்புக்கு அங்கே அனுமதி கிடையாது. அதனால் அவள் பாட்டுகளைச் செயலாளர் தன் வீட்டுப் புது டூ-இன்-ஒன்னில் பதிவுசெய்து கேசட்டாகக் கொண்டுவந்துவிட்டார். பாட்டு வரி எடுத்துக் கொடுக்க நான் வேண்டும் என்பதால் என்னை மட்டும் பக்கவாட்டுக் கதவு வழியாக விட்டார்கள். அந்தக் கதவு தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். நான் முழங்காலை மடக்கி நுழைந்தேனே தவிர ஒருநாளும் தலையைக் குனியவில்லை. பார்க்கிறவர்களுக்கு நொண்டி மாதிரி இருந்திருக்கும். இருக்கட்டும்.

கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி நடனம் சொல்லிக்கொடுத்தார். என்னைத் தவிர அவர் ஒருவர்தான் நாடகத்தை முழுதாகப் படித்தவர். முதல் நாள் கேசட்டைப் போட்டார்.

வர்றேன் வர்றேன் வழிவிடுங்க
மலையத் தாண்டி வர்றேன் வழிவிடுங்க

"பெண்ட், சில்ட்ரன், பெண்ட்" என்றார். காற்று வந்தால் மரம் என்ன செய்யும்? அத்தனை மரமும் இடுப்பை வளைத்துத் தலையைத் தரைவரை கொண்டுபோயிற்று. முதலில் ஆலமரம், பிறகு தேக்கு, வேம்பு, கடைசியில் புதர்கள்.

நான் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கமிட்டி ஆட்கள் சோபாவில் இருந்தார்கள். அவரவர் பிள்ளையின் மர வேட ஜரிகையைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண்கள். டூ-இன்-ஒன்னுக்குக் குனிந்தால் யாருக்கும் உறைக்காது அல்லவா. பெரியவரின் மகள்தான் முதுகு வலிக்கிறது, "நக்கோ ஆன்ட்டி, வேண்டாம்" என்று ஒருநாள் சிணுங்கினாள். ஆன்ட்டி விடவில்லை, பாட்டைக் கேட்டதும் உடம்பு தானாக வளைய வேண்டும் என்று தினமும் பழக்கினார். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தோழியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பாடும்போது சிரித்துவிடுவாள், அல்லது பயந்துவிடுவாள்.

பொங்கல் விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கம்யூனிட்டி ஹாலில். முன்னால் சோபாக்கள், அதற்குப் பின்னால் நாற்காலிகள், அதற்கும் பின்னால் ஏ டைப்புக்கு ஜமக்காளம். தோழியைப் பக்கத்திரைக்குப் பின்னால், ஸ்விட்ச் போர்டைப் பார்த்தபடி, ஒரு மைக்கோடு நிறுத்தினார்கள். புதிதாகத் தைத்த பச்சைத் தாவணி கட்டி, பூ வைத்து வந்திருந்தாள். சுவருக்கும் கனத்த திரைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். நான் எதிர்ப்பக்கம் பாட்டுக் காகிதத்தோடு நின்றேன்.

மரங்கள் பாடின. எதைப் பாடின என்று கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து அவள் ஆரம்பித்தாள். ஹாலில் குழந்தைகளின் அழுகைகூட நின்றது. ஜமக்காளம் முழுவதுக்கும் அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். தினமும் கொடியடியில் கேட்கிற குரல். அந்தக் குரலை நோக்கி ஆலமரம் குனிந்தது, தேக்கு குனிந்தது, வேம்பு குனிந்தது. பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. "நம்ம ஏ டைப்புக்கு சலாம் போடறாங்கடோய்" என்று யாரோ சொல்ல, ஜமக்காளமே கை தட்டியது.

செயலாளரின் முகம் மெதுவாக மாறியதை நான் ஆசை தீரப் பார்த்தேன். அவர் எழுந்து நடன ஆன்ட்டியைப் பார்த்து இரண்டு கையையும் மேலே மேலே ஆட்டினார். தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்த ஆன்ட்டி, பிள்ளைகளைப் பார்த்து இன்னும் குனியச் சொல்லிச் சைகை காட்டினார். குனிந்தார்கள். நிதிப் பிரிவின் தேக்கு மூக்கு தரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தது.

நாடகம் முடிந்து, மரங்களை வரிசையாக நிற்கவைத்துப் பெரியவர் பரிசு கொடுத்தார். பாடியது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். செயலாளர் அவர் பக்கத்தில், மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் குனிந்த அவமானத்தைக் கழுவிவிட அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

"டேப், சார்" என்றார் இங்கிலீஷிலேயே. "மதராஸிலிருந்து வரவழைத்தோம்."

ஹால் முழுக்கக் கேட்டது. ஓடிப்போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாம் என்றுதான் காலை எடுத்து வைத்தேன். அதற்குள் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்த மைக் பேசியது. அதை யாரும் அணைத்திருக்கவில்லை.

"டேப் தீர்ந்துபோச்சு சார். இது நான்."

சொல்லிவிட்டு மறுபடி பாடினாள். வர்றேன் வர்றேன் வழிவிடுங்க. வாரக்கணக்கில் பழக்கிய உடம்புகள். பரிசுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஆலமரம் குனிந்தது. தேக்கு, வேம்பு, புதர்கள் எல்லாம் வரிசையாகக் குனிந்தன. ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். பெரியவருக்குத் தமிழ் தெரியாது. டேப் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று செயலாளரின் தோளில் தட்டிக் கொடுத்தார்.

கடைசிவரை அவளை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. போட்டோ எடுத்தார்கள். மரங்களும் கமிட்டியும் நின்றார்கள். நான் போகவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அவள் தாவணியில் திரையின் தூசி அப்பியிருந்தது. அவள் அப்பா கிரேன் தோழர்களோடு பின்னால் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

"எதுக்குடி அப்படி விசில் அடிச்சாங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எதையுமே பார்க்கவில்லை. கடைசிவரை ஸ்விட்ச் போர்டைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். ஆலமரத்திலிருந்து சொன்னேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"நிஜமாவா? எனக்கா?"

"உனக்குத்தான்."

"எப்படிக் குனிஞ்சாங்க? காட்டு."

இ டைப் வீடுகளின் வேலி ஓரம் அது. தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த யாரோ எங்களைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, முதல் அடியைப் பாடினாள். நான் இடுப்பை வளைத்து, தலை தரையைத் தொடுகிறவரை குனிந்தேன்.

"இன்னொரு தடவை" என்றாள்.

குனிந்தேன்.