ஆனைமலையில் பேசிய வாட்ச்

என் மகன் என்னை ஏமாற்றினான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து உடுமலைக்குத் திரும்பிய அன்று என் கையில் ஒரு வாட்சை மாட்டிவிட்டு, "டாக்டர் மட்டுந்தாம்மா பாப்பாரு" என்றான். டாக்டர் பார்த்தாரா என்று தெரியாது. மற்ற எல்லாரும் பார்க்கிறார்கள்.

நான் தூங்கினேனா, எப்போது எழுந்து பாத்ரூம் போனேன், எல்லாம் கோயமுத்தூரில் மகன் போனுக்கும் மருமகள் போனுக்கும் போய்விடும். "நேத்து சரியாத் தூங்கலீங்களா அத்தை?" என்பாள் மருமகள். அக்கறைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழற்றி வைத்தால் அதற்கும் மகனுக்குத் தகவல் போகும். உடனே அவன் சொல்லி எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். குளிக்கும்போதும் அது கையில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போனேன். நமக்கு அநியாயம் செய்தவர்களை மாசாணியம்மன் கேட்கட்டும் என்று அங்கே மிளகாய் அரைத்து நீதிக் கல்லில் பூசுவோம். யாரை நினைத்து அரைத்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் வேண்டுதல் பலிக்காது என்றுதான் எங்கள் வீட்டில் பழக்கம். அதனால் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அரைத்தேன். மூச்சு வாங்கியது. வாட்சிலிருந்து ஒரு பெண் சத்தமாகப் பேசினாள். "அம்மா, ஹார்ட் ரேட் ஜாஸ்தியா காட்டுது. என்ன பண்ணிட்டிருக்கீங்க?" வாட்ச் கம்பெனிக்காரி. கையெல்லாம் மிளகாய், அமுக்கி நிறுத்தவும் முடியவில்லை.

வரிசையில் பின்னால் நின்றவள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க்கா, அரைச்சு முடிக்கறதுக்குள்ள அம்மனே போன் போட்டுருச்சாட்ட இருக்குதுங்க!"

"அம்மனில்லீங்க. என்ற பையன் வெச்ச போலீசு."

நான் பதில் சொல்லாததால் கம்பெனி மகனைக் கூப்பிட்டது. அவன் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், அம்மா மாசாணியம்மன் கோயிலில் இருக்கிறாள், பல்ஸ் ஏறுகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் போய்ப் பாருங்கள் என்று மேப்போடு போட்டுவிட்டான்.

என் தம்பி அதைப் பார்த்தான். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் விடும் முறையில் எங்களுக்குள் கொஞ்ச நாளாகச் சண்டை. நான் வீடு வந்து சேர்வதற்குள் போன் வந்தது.

"எனக்குத்தான் மொளகா அரைச்சுப்போட்டு வாறியாக்கா?"

"இல்ல சாமி. உனக்குப் போயி அரைப்பனா?"

"அப்ப ஆருக்குன்னு சொல்லு."

"அதச் சொல்லக் கூடாது சாமி" என்றேன். வைத்துவிட்டான். அதன்பிறகு என் வாசலை மிதிக்கவில்லை.

யாரை நினைத்து அரைத்தேன் என்று இங்கேயும் எழுத மாட்டேன். தம்பியை இல்லை. பெயரைச் சொன்னால் வேண்டுதல் வீண். சொல்லாவிட்டால் கூடப் பிறந்தவன் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஏன் குரூப்பில் போட்டாய் என்று மகனிடம் கேட்டதற்கு, "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா என்னம்மா பண்றது?" என்றான். கத்தலாம் என்றால் பல்ஸ் ஏறும், மறுபடி அந்தப் பெண் கூப்பிடுவாள்.

இப்போது தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். மகனை அழைத்திருக்கிறார்கள், என்னை அழைக்கவில்லை. போய்விட்டு வா, கண்ணு. ஆனால் பந்தியில் உட்காரும் முன் உன் மாமன் எதிரில் நின்று, அத்தனை சனத்துக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்: உன் அம்மா எங்கே நிற்கிறாள் என்று ஊருக்கெல்லாம் காட்ட உனக்கு யார் அனுமதி கொடுத்தது?