நான் வாசிக்காமல் விட்ட கடைசி வரி

நான் போன் சொல்கிறபடி காபித் தோட்டம் நடத்துகிறேன் என்று ஒண்டிக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. என் கணவர் இருந்தபோதும் சரி, இப்போதும் சரி, தோட்டம் என் பேச்சைத்தான் கேட்கிறது. ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைத் தமிழில் விளக்கும்படி போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டேன், அவ்வளவுதான்.

நிழல் கூடினால் காபித் தண்டுத் துளைப்பான் பூச்சி குறையும் என்றது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அதை அறிவிப்பாக வாசித்தேன்.

இன்று வாழவந்தி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆரோக்கியம் வந்து அருகில் உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா, நிழல் மரம் வெட்ட வந்த ஆளுங்களத் திருப்பி அனுப்பிட்டனுங்க. ஒரு கொப்புகூட வெட்டல.”

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். “எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க.”

மழை நெருங்கிவிட்டது. அதற்குள் கொப்பு கழிக்காமல் நிழல் மிஞ்சினால் செடி அழுகும். எழுந்து போகவும் வழியில்லை.

“ஆரோக்கியம், ஏஐ தந்த விளக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘நான் படித்தது சுருக்கம் மட்டுமே, எவ்வளவு நிழல் என்பது முழுக் கட்டுரையில்தான் இருக்கும்.’ உபதேசியார் நேரமாகிறது என்று கை காட்டினார். நான் அதை வாசிக்கவில்லை.”

அவர் சிரித்தார். “ஏனுங்க, நீங்களாவது, ஒரு வரிய உடறதாவது! நொம்பத்தான் தமாசு பண்றீங்க.”

பஸ்ஸே சிரித்தது. நாற்பது வருடம் பிள்ளைகளை வரி விடாமல் வாசிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை.

அதனால்தான் இதை நம் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறேன். ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், ஆரோக்கியம்.

முழுக் கட்டுரையைப் படித்தவர்கள் எவ்வளவு நிழல் என்று சொல்லுங்கள். போன் செய்ய வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.