அண்ணன் பாலில் தண்ணீர் கலக்கவில்லை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அவரோடு நின்று பேசியே பல வருஷங்கள் ஆகியிருக்கும். அவர்கள் காதால் கேட்ட அண்ணன் வேறு. ஒரே வீட்டில் இருந்து நான் கண்ணால் பார்த்த அண்ணன் வேறு. பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கரிவலம்வந்தநல்லூரில். அப்பா கோயில் நிலங்களுக்குக் கணக்கு எழுதினார். அண்ணனுக்கு மீசை அரும்பும் முன்பே அப்பா காலமானார். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் சங்கரன்கோவிலுக்குக் குடிவந்தார்; நான்காம் பாரத்தோடு படிப்பை நிறுத்தினார். பரீட்சையில் தோற்று நின்றார் என்று சில வீடுகளில் சொல்வது சரியல்ல. நல்லபடியாகத் தேறிய பிறகுதான் நின்றார். ஒரு மரக்கடையில் வேலை பார்த்து என்னைக் கட்டிக்கொடுத்தார். மணமான மறு வருஷமே நான் தாலியிழந்து திரும்பி வந்தேன். என்னை ஒரு மூலையில் உட்கார வைக்கச் சொன்ன உறவினர்கள் உண்டு. அண்ணன் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். இன்று நான் சாப்பிடுவது அந்தச் சோறு.

யுத்த காலத்தில் அண்ணன் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். தேயிலைப் பெட்டிகளுக்கு ஒட்டுப்பலகை செய்கிற இடம் அது. மரத்தை ஏடு ஏடாகச் சீவி, ஓர் ஏட்டின் ரேகை நெடுக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்கிலும் வரும்படி அடுக்கி, நடுவில் பசை தடவி அழுத்தினால் அந்தப் பலகை வெடிக்காது, வளையாது. உயிர் முழுவதும் பசையில்தான். அண்ணன் அதை ஆசையோடு கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்து திரும்பியதும் இங்கே ஸ்டேஷன் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, இரும்புத் திருகு வைத்த பிரஸ் இரண்டு அமைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சீவிய ஏடுகள் செங்கோட்டையிலிருந்து ரயிலில் வந்தன.

முதலில் ஆசாரிமார் எல்லாரும் பயன்படுத்தும் வஜ்ரத்தைத்தான் காய்ச்சினார். தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற பசை அது. உருக்கும்போது நாற்றம் தெருக்கோடி வரை போகும். சைவக் குடும்பத்துப் பிள்ளை மாட்டுத்தோலைக் காய்ச்சுகிறான் என்று பேச்சுக் கிளம்பியது. பேசியவர்கள் வீட்டுத் தொட்டிலும் கட்டிலும் அதே வஜ்ரத்தால் ஒட்டியவைதான். அண்ணன் மகளுக்குக் காது குத்தியபோது, வந்தவர்கள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மதினி சமைத்த சமையல் அண்டாவோடு இருந்தது. அப்பாவின் தம்பியான சித்தப்பா ஒருவர்தான் நின்றார்.

"ஏட்டி, எலையப் போடு. நான் திங்க வந்தது சோத்த, வஜ்ரத்த இல்ல" என்று மதினியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். இதை அண்ணன் கடைசி வரை மறக்கவில்லை. நான் மறந்ததாகவும் யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு அண்ணன் வஜ்ரத்தை விட்டார். தொழிற்சாலையில் பார்த்திருந்த பால் பசைக்கு மாறினார். வெண்ணெய் எடுத்த பாலைத் திரித்து, நீரை வடித்து, திரும்பத் திரும்பக் கழுவி, உலர்த்திப் பொடிக்க வேண்டும். அந்தப் பொடியைச் சலித்த சுண்ணாம்போடு தண்ணீரில் குழைத்தால் பசை. சில மணி நேரத்தில் அது கட்டியாகிவிடும். அதற்குள் தடவி, அடுக்கி, பிரஸில் வைத்துத் திருகிவிட வேண்டும். திருகியது மறுநாள் காலை வரை அசையக் கூடாது. ஓரத்தைத் தொட்டால் காய்ந்தது போல் இருக்கும். நடுவில் ஈரம் இருக்கும். அண்ணன் இதை வேலையாட்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

இப்போது பேச்சு வேறு விதமாகப் போனது. பச்சைப் பிள்ளைகளுக்குப் பால் கிடைக்காத காலத்தில் பலகைக்குப் பால் ஊற்றுகிறான் என்றார்கள். அது வெண்ணெய் கடைந்தெடுத்த பால் என்று பால்காரக் கோனார் வீடு வீடாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் சமூகத்தார் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். சித்தப்பா அதற்குத் தலைவர். மணமேடைக்குப் பின்புறமும் மேலேயும் பலகை வைக்கிற வேலையை அண்ணனுக்குக் கொடுத்தார். அது நன்றாக அமைந்தால் உயர்நிலைப் பள்ளிக்கு மேஜைப் பலகைகள் செய்யும் வேலையும் வரும் என்று பேச்சு இருந்தது. ஊர் தன் கையை நம்புகிறதா இல்லையா என்பது அந்த மணமேடையில்தான் தெரியும் என்று அண்ணன் நினைத்தார். அந்த நாட்களில் அவர் சாப்பிடும்போதுகூடப் பசையைப் பற்றியே பேசினார்.

கடைசிப் பலகைகளை ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெரிய பிரஸில் ஏற்றித் திருகினார். அதே சட்டிப் பசையில் நான் பாடம் சொல்லும் பள்ளிக்கு ஒரு கரும்பலகை ஒட்டிச் சிறிய பிரஸில் வைத்தார். பிறகு ஏட்டுக் கட்டுகளை எடுத்துவர ஸ்டேஷனுக்குப் போனார். எனக்கு அன்று விடுமுறை. காப்பி கொண்டுபோய்க் கொட்டகையில் நின்றிருந்தேன். சித்தப்பா வண்டியும் ஆட்களுமாக வந்து இறங்கினார்.

"ஏட்டி, எங்க அவன்?"

"ஸ்டேஷனுக்குப் போயிருக்காக சித்தப்பா."

"சரி, பலகைய ஏத்தணும். நாளைக்கு அஷ்டமி, மறுநா நவமி. இன்னைக்கு ராகுகாலத்துக்கு முன்ன மண்டபத்துக்குள்ள போயிரணும்."

"இப்பத்தான் திருகினாக சித்தப்பா. நாளைக்குக் காலம்பறதான் அவுக்கணும்."

சித்தப்பா ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "காஞ்சுதான இருக்கு! ஒனக்குப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லத் தெரியும். பலகையப் பத்தி என்ன தெரியும்? ஏலே, அவுத்து விடுங்கலே."

"விட்டுப் போயிரும் சித்தப்பா. அண்ணன் வந்துரட்டும்."

"நல்ல நேரத்துல போறது ஒண்ணும் விடாது. தள்ளி நில்லு."

ஆட்கள் திருகை அவிழ்த்தார்கள். சிறிய பிரஸை அவர்கள் தொடவில்லை. அதில் இருந்தது அவர்களுக்குத் தேவைப்படாத பொருள்.

அண்ணன் வந்து பெரிய பிரஸ் வாய் திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். பலகைகளைச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்து முடித்திருந்தார்கள். "எறக்கிருவோம் சித்தப்பா, நான் வேற செஞ்சு தாரேன்" என்றார் அண்ணன்.

"கற்பூரம் காட்டியாச்சுலே. இனி எறக்குனா அபசகுனம். மொதக் கல்யாணம் நடக்கப்போற எடம், வாயக் கழுவு."

அந்த முதல் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. அடைமழை. சமையல்கட்டு நீராவி வேறு. முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது மணமேடையின் மேல்பலகை ஒன்றில் முகப்பு ஏடு எழும்பிச் சுருண்டது. பிறகு அடுத்தது. மாப்பிள்ளை வீட்டார் பனவடலிசத்திரத்துக்காரர்கள், கேலிக்குக் குறைவில்லாதவர்கள்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க மண்டபம் பாம்பு மாதிரி சட்டை உரிக்குதே!"

"இல்லவே, அப்பளம் பத்தாதுன்னு மேலயும் பொரிக்காக!"

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, சபையில் எல்லார் காதிலும் விழும்படி, "பய பால்ல தண்ணி விட்டுட்டான் போலிருக்கு. வீட்டுப் பிள்ளைன்னு நம்பிக் கொடுத்தேன்" என்றார்.

அண்ணன் அப்போது பாயச வாளியோடு பந்தியில் நின்றிருந்தார். அடுத்த இலைக்குப் போய்ப் பாயசம் ஊற்றினார்.

தயிர் உறை ஊற்றத் தெரிந்த எந்தப் பெண்ணும் யோசித்திருந்தால் அந்தச் சொல் பொய் என்று தெரிந்திருக்கும். பாலில் தண்ணீர் இருந்தாலும், திரித்து வடிக்கும்போது அது வெளியே போய்விடும். பொடிதான் குறையுமே தவிர பசை கெடாது. அதே சட்டிப் பசையில் ஒட்டி, மறுநாள் வரை திருகில் இருந்த எங்கள் பள்ளிக் கரும்பலகையில் ஓர் ஓரம்கூட இன்றுவரை எழும்பவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து நகத்தால் கீறிப் பார்க்கலாம். அன்று ஒருவரும் யோசிக்கவில்லை. சிரிப்பு அவ்வளவு சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்: "நடந்ததச் சொன்னா என்ன? நான் சாட்சி இருக்கேன்."

"எல்லாரும் எந்திரிச்சுப் போன அன்னைக்கு, நம்ம வீட்ல எலை போட்டு உக்காந்தவரு அவரு ஒருத்தர்தான். அவரச் சபையில பொய்யாக்கச் சொல்லுதியா?" என்றார் அண்ணன். பிறகு, "நான் இருக்க மட்டும் நீ வாயத் தொறக்கப்படாது" என்றார்.

பள்ளி மேஜை வேலை மதுரைக்குப் போனது. ஊரில் அண்ணனுக்கு 'மோர்ப்பலகை' என்று பெயர் வைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வரை அந்தப் பெயர் வந்தது. பால்காரக் கோனாரிடம், "நீ விட்ட தண்ணியா, அவர் விட்ட தண்ணியா?" என்று கேட்டார்கள், அவரும் இரண்டு தெருவில் வாடிக்கை இழந்தார். கொட்டகை மூடப்பட்டது. பிரஸ் செங்கோட்டைக்கு விலைக்குப் போனது. அதன் பின்னாலேயே அண்ணனும் போய், வேறொருவர் கொட்டகையில் கூலிக்குப் பசை குழைத்தார். அங்கே அவர் ஒட்டிய பலகை எதுவும் விட்டதாகப் புகார் இல்லை. இதை அந்த முதலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதுகிறேன்.

மூச்சிளைப்போடு அண்ணன் திரும்பி வந்து படுத்த பிறகு, சித்தப்பா ஒரு நாள் பார்க்க வந்தார். அண்ணன் எழுந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மதினியைக் கூப்பிட்டு நல்ல துண்டு கேட்டுப் போர்த்திக்கொண்டார். சித்தப்பா இளையரசனேந்தல் நிலத்தில் மழை பொய்த்ததைப் பற்றிப் பேசினார். பருத்தியைப் பற்றிப் பேசினார். "ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல் சத்தம் அடங்கிய பிறகு அண்ணன், "ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேன் தங்கச்சி" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

இந்த மலருக்கென்று சித்தப்பா நான்கு வரி எழுதி அனுப்பினார். 'தொழிலில் கைராசி இல்லாவிட்டாலும் குணத்தில் தங்கம்' என்பது அதில் முதல் வரி. அதை அச்சிட மாட்டேன் என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன்.

"செத்தவனப் பத்தி நல்லதாத்தான எழுதியிருக்கேன். அதுல என்னட்டி கொறை?"

"கைராசின்னு இருக்கே சித்தப்பா."

"ஊருக்கே தெரிஞ்சதுதான. இனி அவனுக்கு என்ன பேரு, இருக்கவங்களுக்குத்தான் பேரு. பழச மூடிப் போட்டுட்டுப் போ."

அண்ணன் இருந்த மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டது அவ்வளவுதான்; அதைக் காப்பாற்றிவிட்டேன். இந்த மலரில் சித்தப்பாவின் வரிகள் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. தன் பெயரும் கெட்ட பிறகும், அண்ணன் படுக்கையில் இருந்த மாதங்களில் ஒரு நாள் தவறாமல் பால் கொண்டுவந்து, பணம் எவ்வளவு என்று கேட்டபோதெல்லாம் "பெறகு பாத்துக்கலாம் அம்மா" என்று சொன்ன கோனாருக்கு. கூப்பிடாமலே வந்து பாடையைக் கட்டிய ஆசாரிக்கு. மழையில் நனைந்துகொண்டு வந்து ஊசி போட்ட டாக்டருக்கு. அண்ணனைக் கடைசிவரை ஒரு சொல்லும் குறை சொல்லாத மதினிக்கு. வெளியூர்களிலிருந்து வந்து, துக்கம் கேட்டு, அன்றே திரும்பிய உறவினர்களுக்கும் வணக்கம்.

எல்லாருக்கும் இந்த மலர் திதியன்று பந்தி முடிந்ததும் வழங்கப்படும். சித்தப்பாவுக்குரியதை ஆள் மூலம் அனுப்பப் போவதில்லை. நானே கொண்டுபோய்க் கையில் கொடுக்கிறேன். அவருக்கு இப்போது கண் மங்கலாக இருக்கிறது என்கிறார்கள். படிக்கச் சிரமமாக இருந்தால், எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து நானே உரக்க வாசித்துக் காட்டுகிறேன்.