கடைசியாகக் கூப்பிடும் குடி

நிந்தவூரிலிருந்து ஒலுவில் போகிற பஸ்ஸில் நிப்லாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர் தப்ப முடியாது. பெயர் கேட்க மாட்டாள், ஊர் கேட்க மாட்டாள். "நீங்க எந்தக் குடி?" என்றுதான் தொடங்குவாள். மீன் வியாபாரியோ வங்கி முகாமையாளரோ, அவளுக்கு எல்லாரும் ஒன்றுதான். தெரிந்தவர் சொல்வார். தெரியாதவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து உம்மாவிடம் கேட்டுச் சொல்வார். இறங்கும் இடம் வந்துவிட்டதென்று பொய் சொல்லி எழும்பிப் போனவர்களும் உண்டு.

அவள் ஒலுவில் கெம்பஸில் தற்காலிக விரிவுரையாளர். கலாநிதிப் பட்டத்துக்காக இந்தக் கரையோர முஸ்லிம்களின் குடிவழியை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். குடி இங்கே தாய்வழியில் வருவது. வாப்பா யாராக இருந்தாலும் உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. அந்த உம்மாவுக்கு அவளுடைய உம்மாவின் குடி. பெண்பிள்ளை இல்லாத வீட்டில் குடி அத்தோடு நின்றுவிடும்.

வீட்டுக் கூடத்துச் சுவரில் ஊரூராகக் குடிகளைக் கட்டம் கட்டமாக எழுதி ஒட்டியிருந்தாள். கல்முனையில் பெயின்ற் கடை வைத்திருந்த அவளுடைய புருசன் ஸாஜித் வருகிற போகிறவர்களிடமெல்லாம் அந்தச் சுவரைக் காட்டி, "நான் ஊருக்கெல்லாம் பெயின்ற் விக்கிறன், என்ட ஊட்டுச் சுவரப் பாருங்க" என்பான்.

அத்தனை கட்டங்களில் ஒன்று மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அது அவளுடையது. உம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "தெரியா மகள், அதெல்லாம் நமக்கு என்னத்துக்கு?" என்ற ஒரே பதில்தான். உம்மா கண்மூடி மவுத்தாகும் வரை அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கலியாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோதும் உம்மா தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி ஊற்றியதை நிப்லா மறக்கவில்லை. ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியர் பூபாலசிங்கம் ஒருநாள் அந்த வெறுங்கட்டத்தில் விரலை வைத்து, "ஊரெல்லாம் கேட்டுத் திரியிற பிள்ளைக்குத் தன்ட குடி தெரியாதா?" என்று சிரித்தார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. பட்டம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மகள் அம்ஹாவுக்கு ஒரு குடிப்பேர் சொல்லிக்கொடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் வைராக்கியம் பிடித்துக்கொண்டாள்.

அப்படித்தான் வீரையடிக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இறக்காமத்துக்கு அப்பால், குளத்துக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர். வருசத்துக்கொருமுறை அங்கே பள்ளிவாசல் கந்தூரி. கந்தூரி கூடாது என்று கதைக்கிறவர்கள் அங்கும் இருக்கிறார்கள். சோறு பகிரும் நேரத்தில் அவர்களும் வந்து நிற்பார்கள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் சஹன்களில், அதாவது பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டுகளில், குவியும். பாங்கு சொல்கிற மோதினார் ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடியின் ஆள் "ஓம்" என்று எழும்பி வந்து தட்டை வாங்கிப் போவார். இந்த ஒழுங்கு இன்னும் முறையாக நடக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் நிப்லா போனாள்.

முதல் வருசம் அவள் பார்த்தது இது. எல்லாக் குடிகளையும் கூப்பிட்டு முடித்த பிறகு மோதினார் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "சேனைநாச்சிகுடி" என்றார். யாரும் எழும்பவில்லை. அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் வாயைக்கூட உம்மாமார் பொத்திக்கொண்டார்கள். மோதினார் அந்தத் தட்டைக் கொண்டுபோய்க் குளக்கட்டில் நின்ற வீரை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நிப்லா போய்ப் பார்த்தாள். தட்டில் ஒரு பருக்கை இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நாய் சாப்பிடும், கழுவிக் கவிழ்க்காது. யாரோ இல்லாதப்பட்டவர்கள் வெட்கத்துக்கு ஒளித்து எடுக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டாள். ஆய்வாளர் அல்லவா, எதற்கும் ஒரு காரணம் எழுதித்தானே ஆகவேண்டும்.

பள்ளிவாசல் பொறுப்பாளர் பக்கீர் முகைதீன் மரைக்காரிடம் கேட்டாள். "அது அத்துப்போன குடி மகள். ஒரு மரியாதைக்குக் கூப்பிடுற" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடத் தொடங்கினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

அவள் விடவில்லை. கந்தூரிச் சமையலைப் பார்க்கிற சல்மா உம்மா வாய் நிறையக் கதைக்கிற மனுசி. அவளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு அந்த வருசம் முழுக்கக் கதை கேட்டாள். கோதாரி நோய் வந்த காலத்தில் சேனைநாச்சிகுடிப் பெண்கள் எல்லாரும் ஒரே வீட்டில் கிடந்து மவுத்தானார்களாம். கைராசிக்காரிகளாம். பிறக்கிற பெண்பிள்ளைக்கு வலக்காதில் ஒன்றும் இடக்காதில் இரண்டுமாகத் துளை போடுகிறது அவர்களுடைய வழக்கமாம், வேறு ஒரு குடியிலும் அப்படியில்லையாம்.

நிப்லாவின் கை தானாக இடக்காதுக்குப் போனது. அங்கே இரண்டு துளை. உம்மாவுக்கும் இரண்டு. ஏனென்று தெரியாமலே அம்ஹாவுக்கும் அப்படித்தான் குத்தியிருந்தாள். நிந்தவூரில் அவளுடைய தாய்வழியின் முதல் பெண்ணை வண்டிலில் வந்த பிள்ளை என்று சொல்வார்கள். எந்த ஊர் வண்டில் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இப்போது அவளுக்குத் தெரிந்தது. வெறுங்கட்டத்தில் சேனைநாச்சிகுடி என்று எழுதிவிட்டு, சுவரைப் பார்த்தபடி சின்னப்பிள்ளை போல் அழுதாள். பூபாலசிங்கம் செய்தி கேட்டு, இதை முழு அத்தியாயமாக எழுதச் சொன்னார்.

அடுத்த கந்தூரிக்கு அம்ஹாவுக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். அம்ஹா அப்போது இரண்டாம் வகுப்பு. பிள்ளையைப் பெண்கள் பக்கம் பாயில் இருத்திவிட்டு, மரைக்காரைத் தேடிப் பள்ளிவாசலுக்குப் பின்னால் போனாள். குடி அற்றுப்போகவில்லை, நான் இருக்கிறேன், என் மகள் இருக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தாள். மரைக்காரின் முகம் பேயறைந்தது போலாயிற்று.

"புள்ள எங்க?" என்றார்.

"முன்னுக்குப் பாயில இரிக்கா."

"தூக்கிக்கி ஓடுங்க மகள். இப்பவே. கூப்பிட முந்திப் போயிருங்க."

அதற்குள் முன்பக்கம் மோதினாரின் குரல் தாழ்ந்தது. "சேனைநாச்சிகுடி."

"ஓம்" என்றது ஒரு பிள்ளையின் குரல்.

நிப்லா ஓடி வந்தபோது அம்ஹா கூட்டத்தின் நடுவால் நடந்துபோய் மோதினாருக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெயரை நிப்லா அவளுக்குச் சொல்லியிருந்தாள். கூப்பிட்டால் எழும்பு என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நிப்லாவுக்கு முதலில் பெருமைதான் வந்தது. பிறகுதான் மற்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். ஒருவரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. எல்லாரும் குளக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் வீரை மரத்துத் தாழ்ந்த கிளைகள், கீழே இருந்தவர்கள் எழும்பும்போது தலை பட்டதுபோல, ஒவ்வொன்றாக அசைந்து நின்றன.

திரும்பி வருவதற்கு வான் வண்டியொன்று தேடிக் கொடுத்துவிட்டு மரைக்கார் மிச்சத்தைச் சொன்னார். சேனைநாச்சிகுடிப் பெண்கள் மவுத்தான அந்த வீட்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கு மட்டும் நோய் பிடிக்கவில்லை. பயந்துபோன ஊரார் அதை வண்டிலில் ஏற்றிக் கடற்கரைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

"அடக்கின பொறகும் அந்தப் பொண்டுகள் புள்ளயத் தேடிக்கி ஊடு ஊடா வந்தாங்க மகள். 'எங்கட புள்ள எங்க' எண்டு கேட்டுக் கேட்டு. கொண்டுபோயிருவாங்க எண்டு பயந்துதான் புள்ளைக்குக் குடிப்பேரே செல்லிக்குடுக்கக் கூடா எண்டு வச்ச. வருசா வருசம் கூப்பிட்டுப் பார்க்கிற. ஆரும் ஓம் எண்டு செல்ல மாட்டாங்க. அந்தப் பொண்டுகளும் புள்ள இல்லதான் எண்டு சோத்தத் திண்டுட்டுப் போவாங்க." அவர் கண்ணைத் துடைத்தார். "ஒரு ஊரே சேர்ந்து ஒளிச்சு வச்ச புள்ள. நீங்க தேடிக் கண்டுபுடிச்சிட்டீங்க."

வான் நிந்தவூர் வரும் வரை நிப்லா அம்ஹாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டம் தொலைந்துபோய் வெறுமையாகவில்லை. யாரோ பிள்ளைமேல் வைத்த பாசத்தில் வெறுமையாக்கிய கட்டம் அது. சொல்லக் கூடாதென்பது உம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. வண்டிலில் வந்த பிள்ளை தன்னோடு கொண்டுவந்தது காதுத் துளைகளை மட்டும்தான். அதையாவது பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கத்தானே மனம் வரும். படித்த படிப்பையெல்லாம் வைத்து இதைத் தோண்டி எடுத்தேனே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை, அழவுமில்லை. ஆனால் அந்தக் கிழமையிலிருந்து காலையில் பள்ளிக்கூடம் போகத் தலைவாரக் கூப்பிட்டால் அம்ஹாவின் தலை ஏற்கெனவே வாரியிருக்கும். எண்ணெய் வைத்து, நுணுக்கமாய், அந்த வீட்டில் ஒருவருக்கும் பின்னத் தெரியாத பின்னல். "ஆரு பின்னின?" என்று கேட்டால், "தெரியா" என்பாள். உம்மாவின் குரலில் நிப்லா கேட்டுப் பழகிய அதே தெரியா.

ஸாஜித் மௌலவியைக் கூட்டிவந்து யாசீன் ஓதுவித்து, ஊதிய தண்ணீரைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தான். நிப்லா சுவரிலிருந்த கட்டங்களையெல்லாம் கிழித்தாள். இனியாவது சுவருக்கு விடிவு வந்ததே என்று சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து பெயின்ற் கொண்டுவந்து பேசாமல் பூசினான். ஆய்வில் சேனைநாச்சிகுடி என்ற தலைப்பின் கீழ், வழி அற்றுப்போன குடி, எஞ்சியோர் இல்லை என்று எழுதினாள். பூபாலசிங்கம் ஏமாந்துபோனார்.

"கண்டுபிடிச்சிட்டன் எண்டீங்களே?"

"பிழை சேர். நான் விட்ட பிழை" என்றாள். ஆய்வில் அவள் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். பட்டமும் கிடைத்தது.

மூன்றாம் வருசக் கந்தூரியன்று அவள் அம்ஹாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. படலையைப் பூட்டி, பிள்ளையைக் கண்முன்னாலேயே வைத்திருந்தாள். அசர் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழு எடுக்கப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. பக்கீர் முகைதீன் மரைக்கார்.

"மகள், சோறு வச்ச மாதிரியே இரிக்கி. ஈ கூட மொய்க்கல்ல. எங்கட வாப்பாமார் காலத்திலயும் இப்பிடி நடந்ததில்ல. அவங்க இஞ்ச வரல்ல." மூச்சு வாங்கியது அவருக்கு. "புள்ள எங்க?"

நிப்லா தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடினாள். கூடத்தில் பிள்ளை இல்லை. பின்னறையில் பாய் விரித்து, நடுவில் அலுமாரிக்கு மேலிருந்த பெரிய சஹன் இருந்தது. அதைத் தூக்க அம்ஹாவுக்குப் பலம் போதாது. தட்டில் குவியலாய்ச் சோறு. அன்றைக்கு நிப்லா சோறு சமைக்கவில்லை, கடையில் ரொட்டிதான் வாங்கியிருந்தாள். பாயின் ஓரத்தில் ஒடுங்கி இருந்து அம்ஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உம்மா, அதில மிதிக்காதீங்க. அவங்கட உடுப்பு."

நிலைப்படியிலேயே நிப்லாவின் கால் நின்றது. அறைக்குள் குளத்துத் தண்ணீரின் வாடை. ஓதத் தெரிந்ததெல்லாம் ஓதினாள், பாதியில் மறந்தாள், மறுபடி தொடங்கினாள். பிறகு, யாரைப் பார்த்துக் கதைப்பதென்று தெரியாமல் சோற்றைப் பார்த்துக் கதைத்தாள்.

"இரிங்க. எவ்வளவு காலமெண்டாலும் இரிங்க. நான் ஆக்கித் தாறன். புள்ளயக் கொண்டுபோகக் கூடா. அவ இந்த ஊட்டிலதான் இரிப்பா."

அம்ஹா மெல்லுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள் சொல்வதைக் கேட்பது போல் முகத்தை நிமிர்த்திக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"ஓமாம்" என்றாள் கடைசியில். "நீங்களும் அவங்கட புள்ளதானாம். வந்து சாப்பிடட்டாம்."

காலம் முழுக்க யாராவது தன்னைப் பார்த்துச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை அது. அழுகையும் பயமும் ஒன்றாக வந்தன. நிப்லா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாதவற்றை மிதித்துவிடாமல் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து உள்ளே போனாள். அவளுக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். அவள் அங்கே உட்காரவில்லை. அம்ஹாவைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு, அவர்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நெருக்கி இருந்துகொண்டு தட்டில் கையை வைத்தாள். சோறு இன்னும் சுட்டது.